விழும்போதுதான் கடிக்கும்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மாஜிஸ்ட்ரேட் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் பாதிச் சர்க்கரை போட்டுக் குடித்துப் பழகிவிட்டேன், அதனால் நாக்கு சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது. யோசித்துப் பார்க்கச் சொல்லி நேரம் கொடுத்தீர்கள், யோசித்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இன்ஸ்பெக்டர் தன் செலவில் இட்லி வாங்கிக் கொடுத்தார், சாம்பார் கூடக் கேட்டு ஊற்றினார். நான் சொல்லப்போவது என் வாயால், என் இஷ்டத்துக்குச் சொல்வது. எழுதுகிறவருக்குக் கை வலிக்காதபடி நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் ஆசீர்வாதம். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர் சட்ரஸில் லஸ்கர். நீங்கள் வேறு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் என்றார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கதவு வைத்துத் தண்ணீரைத் தேக்கி வாய்க்காலுக்குத் திருப்பும் பாலத்தை நாங்கள் சட்ரஸ் என்போம். ஒவ்வொரு கதவுக்கும் உள்ள திறப்புக்குக் கண் என்று பெயர். எங்களுடையது ஐந்து கண் சட்ரஸ். மேலே நடைமேடையில் சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் கதவு ஏறும், இறங்கும். சுற்றுகிறவன்தான் லஸ்கர். மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் தண்ணீருக்குச் சண்டை போட்டால் இரண்டு பேரும் வந்து திட்டுவது என்னைத்தான். நான் யாரிடமும் குரலை உயர்த்தியது கிடையாது. ஆற்றில் வலை போடும் துரைக்கண்ணு சட்ரஸுக்குக் கீழேயே குடியிருக்கிறார், அவரைக் கேளுங்கள். "ஆசீர்வாதம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறாரான்னே தெரியல, எவன் என்ன பேசுனாலும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இறந்தது கிளமென்ட், என் கூடப்பிறந்த தம்பி. அவனைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டேன். குடி கிடையாது, பொய் கிடையாது, அண்ணன் முன்னால் கால்மேல் கால் போடமாட்டான். வெல்டிங் படித்தவன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் காற்று பலமாக அடித்த காலம் அது. குத்தாலத்திலிருந்து கும்பகோணம் வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இவனும் கத்தார் போனான், அங்கிருந்து கனடா போனான். கத்தார் போகும்போது அவன் மனைவி அருள்மேரி மஞ்சள்காமாலையில் செத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தவழக்கூட ஆரம்பிக்காத பெண் குழந்தையை என் மனைவி ஃபிளோரா மடியில் போட்டுவிட்டு, "அண்ணி, ஒரு ரெண்டு வருஷம் பாத்துக்குங்க" என்று காலைத் தொட்டுவிட்டுப் போனான். குழந்தை பேர் ஜாய்ஸ்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நடந்தது நடந்ததுதான், மாதா வேறு வேலையாக இருந்திருப்பாள். ஜாய்ஸ் வந்தபிறகு நான் அந்தக் கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு நான் ஞானத்தகப்பனும் கூட. அது என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பிசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் குழந்தையைத்தான் கேட்பார். குழந்தைக்குப் பேச வராது. அதற்குப் பதிலாக "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லும் ஆள்தான் ஞானத்தகப்பன். அவளுக்காக நான் சொன்னேன். அவள் வாயாக நான் இருந்தேன். கிளமென்ட் அப்போது பக்கத்தில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜாய்ஸ் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். மழலையில் முன்பாதி வராது, "ப்பா" என்று வால் மட்டும் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது. ஃபிளோராதான் விடமாட்டாள். "பெரியப்பான்னு முழுசா சொல்லுடி. ஏங்க, நீங்களாவது திருத்தக் கூடாதா? நாளைக்குத் தம்பி வந்து நின்னா புள்ள யாரு எவருன்னு முழிக்கும்" என்பாள். ஃபிளோரா நியாயஸ்தி. அந்த நியாயம்தான் இன்றைக்கு என்னை உங்கள் முன்னால் உட்காரவைத்திருக்கிறது. அதில் எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. ஃபிளோரா இல்லாத நேரத்தில், சட்ரஸ் மேடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க, சும்மா ஒரு தரம் அப்பான்னு சொல்லு பாக்கலாம்" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "பெரியப்பான்னா பெரிய அப்பா. அப்பாவ விட அது பெருசுதானே? அப்புறம் ஏன் சின்னதக் கேக்குறீங்க?" என்பாள். அந்த வயசில் என்ன வாய் பாருங்கள்.

அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது நான். சட்ரஸுக்கு மேற்புறம், கரையோரம், சாய்வுச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும் ஒரு மூலை இருக்கிறது. அங்கேதான் பழக்கினேன். ஃபிளோராவுக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும், அதனால் அவளிடம் சொல்லவில்லை. தலையைத் துவட்டி, வெயிலில் காயவைத்து, பின்னலையும் நானே போட்டுத்தான் கூட்டிப் போவேன். ஜாய்ஸ் மூழ்கினால் எங்கே எழுவாள் என்று எனக்கே தெரியாது, அப்படி நீந்துவாள். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

இரண்டு வருஷம் என்று போனவன், அவள் ஆறாம் வகுப்புப் போகிற வரைக்கும் வரவில்லை. ஃபோன் வரும், பெட்டி வரும், சாக்லேட் வரும். ஃபோனில் ஜாய்ஸ் அவனிடம் "ம், ம்" என்பாள், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பிறகு அந்த வருஷம், மேட்டூர் திறந்து எங்கள் ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்த வாரம், அவனே வந்து இறங்கினான். பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. "அங்க ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுறேன் அண்ணே. உங்க கடன நான் எந்தக் காலத்துல தீக்கப்போறேன்" என்றான். கனடாவில் மறுபடி கல்யாணம் செய்திருந்தான், பிலிப்பைன்ஸ் பெண், நர்ஸ். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரிதான். ஃபோனில் என்னை "அண்ணே" என்று கூப்பிட யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் மாட்டேன் என்றேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன். "பொம்பளப் புள்ள, படிப்பு முடியட்டும், அப்புறம் பாக்கலாம்டா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "இல்லண்ணே, இப்பவே விட்டுட்டா அவ எனக்கு இல்லாமயே போயிடுவா" என்றான். அவன் சொன்னது சரிதான். எனக்கும் அதே கணக்குத்தான் இருந்தது.

இப்போது மீன் விஷயத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

அவன் இருக்கும் ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு நீள ஏரிக்கரையில். அந்த ஏரியில் கொக்கனி என்று ஒரு மீன். சால்மன் சாதி. மற்ற சால்மனெல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பி வரும். இந்தக் கூட்டம் மட்டும் எந்தக் காலத்திலோ வழி அடைபட்டு ஏரியிலேயே தங்கிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் படகை எடுத்துக்கொண்டு அதைப் பிடிக்கப் போய்விடுவானாம். ஆகாத ஊரில் ஒண்டிக்கட்டையாய் இருந்த வருஷமெல்லாம் அந்த மீன்தான் துணை என்றான். தூண்டிலைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தான். குச்சி மூங்கில் கிளை மாதிரி லேசு, சொன்னபடி வளைகிறது. நரம்பின் முனையில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பளபளவென்று ஓர் ஈயத்தகடு, அதில் கொக்கி. கொக்கியில் குத்த டப்பாவில் வெள்ளைச் சோளம்; அதை ஃபிளோராவின் கேசரிப் பவுடரில் போட்டுச் சிவப்பாக்கிக்கொண்டான். "தம்பி, மீனுக்குக் கேசரியா கிண்டுறீங்க?" என்று ஃபிளோரா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சட்ரஸ் மேடையில் நின்று எனக்குச் செய்து காட்டினான். தகட்டை நேர் கீழே இறக்கவேண்டும். மீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறதோ, அந்த ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தவேண்டும். கொக்கனி மேலே பார்க்குமே தவிரக் கீழே பார்க்காது. பிறகு மணிக்கட்டால் மெதுவாக ஒரு சாண் தூக்கு. அப்புறம் விடு. தொப்பென்று விடக்கூடாது, நரம்பு லேசாகத் தொய்கிற மாதிரி தகட்டோடு கூடவே கையையும் இறக்கு. தகடு பக்கவாட்டில் மினுக்கிக்கொண்டு விழும்.

"தூக்கும்போது அது சும்மா பாத்துக்கிட்டுதான் இருக்கும் அண்ணே. விழும்போதுதான் கடிக்கும்" என்றான்.

"பசிக்கா?"

"பசியெல்லாம் இல்ல. அது திங்கிறது தண்ணியில மெதக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இந்தச் சோளத்த அது என்ன பண்ணப்போவுது? கிட்ட வந்து வந்து ஆட்டுனா எரிச்சல் வரும். எரிச்சல்லதான் கடிக்கும்."

"கடிச்ச ஒடனே வெடுக்குன்னு இழுத்துடணும்."

"ஐயோ, அதுதான் கூடாது. வாய் அப்பளம் மாதிரி. இழுத்தா கிழிஞ்சுட்டுப் போயிடும். கடிச்சது தெரிஞ்சா சும்மா குச்சிய நிமித்துனா போதும். அதுவா மாட்டிக்கும். நாம பதறக் கூடாது, அவ்வளவுதான்."

நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பிடித்த மாதிரியான வேலை அது. பதறாத ஆளுக்கான வேலை.

ஆனால் எங்கள் ஆற்றில் அந்தத் தகட்டை எந்த மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜாய்ஸ் பக்கத்தில் குந்திக்கொண்டு அவனைக் கேலி செய்வாள். "கனடா மீனுக்கு இங்கிலீஷ் தெரியும், நம்ம ஊர் மீனுக்குத் தமிழ்ல சொன்னாத்தான் புரியும்" என்பாள். அவன் அதற்கே பூரித்துப்போவான். அவள் அவனை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "சாப்பிட வரச் சொன்னாங்க", அவ்வளவுதான். அவன் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவன் தலை திரும்பும். அவள் தோட்டத்திலிருந்து "பெரியப்பா" என்று கத்துவாள். காற்றில் முன்பாதி கரைந்து "ப்பா" மட்டும் வந்து சேரும். இவன் கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேவிடுவான். பிறகு என்னைப் பார்த்து, அசடு வழியச் சிரித்து, உட்கார்ந்துகொள்வான். தினம் இப்படி நடக்கும். ஒருநாள் சமையல்கட்டில் இருந்தபடி நானே ஃபிளோராவிடம் ஏதோ பேச்சுக்கு "அடேயப்பா" என்றேன். அதற்கும் முற்றத்தில் அவன் தலை திரும்பியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

தகட்டில் ஒன்றும் விழாததால் அவனை ஒருநாள் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் உள்ள குட்டைக்குக் கூட்டிப்போனேன். ஜாய்ஸும் வந்தாள். விரால் பார்ப்பைப் பார்த்திருக்கிறீர்களா, அம்மா? பார்ப்பு என்றால் குஞ்சுக் கூட்டம். பொரித்த புதிதில் சிவப்பாக ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர்மேல் கொப்பளித்துக்கொண்டு நகரும். அதற்குக் கீழே தகப்பன் விரால் காவல் நிற்கும். தாய் அக்கம்பக்கம் சுற்றும், ஆனால் பார்ப்பை விட்டு அசையாதது தகப்பன்தான். அந்த நாளில் அது இரை எடுக்காது. நீங்கள் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் சட்டைசெய்யாது. ஆனால் பார்ப்புக்கு நடுவில் ஒரு துரும்பு விழட்டும், குண்டு மாதிரி மேலே வரும்.

"பசியும் இல்ல, எரிச்சலும் இல்ல. புள்ளைக்காகக் கடிக்கும்" என்று அவனுக்குச் சொன்னேன்.

அவன் தகட்டைப் பார்ப்புக்கு நடுவே இறக்கினான். ஒரு முறை தூக்கினான், தொய்யவிட்டான். அவ்வளவுதான், தண்ணீர் வெடித்தது. கைநீள விரால். கரையில் போட்டபிறகும் வாய் தகட்டை விடவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பு திசை தெரியாமல் சிதறிச் சுற்ற ஆரம்பித்தது. எங்கிருந்தோ கெண்டைகளும் கெளுத்தியும் வந்து வாரிக்கொண்டு போயின. ஜாய்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அதுங்க அப்பா இல்லாம என்ன பண்ணும்?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. கிளமென்ட் உடனே கொக்கியைப் பக்குவமாகக் கழற்றி, விராலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டான். பேன்ட் முழங்கால்வரைக்கும் சேறு. ஜாய்ஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சட்டை நுனியை அவள் விடவில்லை.

நான் பின்னால் நடந்துவந்தேன். அந்த விரால் நான்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பதினோரு வருஷம் அந்தப் பார்ப்புக்கு அடியிலேயே நின்றவன் நான். இப்போது ஒருத்தன் தகட்டோடு வந்திருக்கிறான். நீங்களே யோசித்துப் பாருங்கள், விராலிடம் போய் நியாயம் பேச முடியுமா?

மறுநாள் சாயங்காலம் நான் சம்மதம் சொன்னேன். "கூட்டிட்டுப் போடா. ஒம் புள்ள. நான் யாரு நடுவுல" என்றேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஃபிளோராவும் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜாய்ஸுக்கு ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். தொய்யவிடுவது என்று அவன் சொன்னானே, அதை நான் அப்படிச் செய்தேன்.

பிறகு ஜாய்ஸைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஒங்கப்பாவுக்கு ஒனக்கு நீச்சல் தெரியும்னு தெரியாதுல்ல? போறதுக்கு முன்னாடி அவன அசத்திடுவோமா?" என்றேன். அவளுக்குக் கண் விரிந்தது. நான் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகம் துடைப்பேன், அதுதான் அடையாளம். அவள் சாய்வுச் சுவர்மேல் நின்றுகொண்டிருக்கவேண்டும். துண்டைப் பார்த்ததும் "பெரியப்பா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, தவறி விழுகிற மாதிரி அந்த மூலையில் விழவேண்டும். மூழ்கி இருந்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் எழவேண்டும். அவன் பதறிப்போவான், நாம் சிரிக்கலாம். இதுதான் விளையாட்டு. "பெரியம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றேன். அவள் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என்ன சொல்லிக் கத்தவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தது "பெரியப்பா" என்றுதான். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தக் காலையில் நல்ல வெயில். அவனை நடுக் கண்ணுக்கு நேர் மேலே நிற்கச் சொன்னேன். ஆழம் அங்கேதான், பெரிய மீன் அங்கேதான் ஒதுங்கும் என்றேன், பொய் இல்லை. அவன் தகட்டை இறக்கித் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் சக்கரத்தைச் சுற்றினேன். "என்னண்ணே?" என்றான். "கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லியிருக்காங்க" என்றேன். அப்படி எனக்கு எந்த உத்தரவும் இல்லை. அன்றைக்கு நடுக் கண் மூடியிருக்கவேண்டும்.

கதவு அடியிலிருந்து திறக்கும் விதத்தில் செய்தது, அம்மா. மேலே பார்த்தால் தண்ணீர் தூங்குகிற மாதிரி இருக்கும். இழுப்பெல்லாம் அடியில். நன்றாக ஒரு ஆள் உயரம் தூக்கிவிட்டால் விழுந்தவன் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போய்ப் பிழைத்தாலும் பிழைப்பான். துரைக்கண்ணுவின் மாடு ஒன்று அப்படிப் பிழைத்திருக்கிறது. ஒரு சாண் மட்டும் தூக்கினால் உள்ளே போவது அந்தச் சந்தில் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. நான் ஒரு சாண் தூக்கினேன்.

"தூண்டி சாயுதே அண்ணே. ஏதோ இழுக்குற மாதிரி இருக்கு" என்றான் கிளமென்ட். முகத்தில் அவ்வளவு ஆசை.

"பதறாத. தொய்ய விடு" என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

சத்தம் வந்தது. தண்ணீர் இரைச்சலில் "ப்பா" என்பதுதான் மேடைக்கு வந்து சேர்ந்தது. அவன் சுவர்மேல் ஆளில்லாததைப் பார்த்தான். ஓடிப்போய்ப் படிவழியாக இறங்கியிருக்கலாம். அது நிதானம் உள்ளவன் செய்வது. அவன் குச்சியைக் கைப்பிடிக் கம்பிமேல் போட்டான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நின்ற இடத்திலிருந்து அப்படியே குதித்தான். நடுக் கண்ணுக்கு நேர் மேலே. அவனுக்கு நீச்சலும் அரைகுறைதான். அது எனக்குத் தெரியும். சின்ன வயசில் அவனுக்குக் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

ஜாய்ஸ் படிக்கட்டுப் பக்கம் எழுந்தாள், சிரித்துக்கொண்டே. முடியை ஒதுக்கிவிட்டு மேடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவன் நின்ற இடத்தைப் பார்த்தாள். "எங்க?" என்றாள். "வருவான்" என்றேன்.

உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. சக்கரம் என் கைக்கு அடியிலேயே இருந்தது. கதவை இறக்கியிருந்தால் இழுப்பு நின்றிருக்கும். அவனைச் சந்து விட்டிருக்கும். இறக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு தூண்டில் நரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடிக்கொண்டிருந்தது, பிறகு ஆடவில்லை. அதற்குப் பிறகுதான் கதவை இறக்கினேன். துரைக்கண்ணுதான் மூழ்கி எடுத்தார். "கெட்ட நேரம் லஸ்கரே, ஒங்க மேல என்ன தப்பு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். கோயில் கொள்ளாத கூட்டம். கனடாவிலிருந்து அந்தப் பெண் ஃபோன் செய்து "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

ஜாய்ஸ் எங்களோடுதான் இருந்தாள். நான் விரும்பியதும் அதுதான். ஆனால் அவள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பாடு ஆயிடுச்சு" என்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆள் வந்திருக்காங்க" என்பாள். பெரியப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை பயந்திருக்கிறாள், சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒருநாள் தலை பின்னிவிடப் போனேன். சீப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க ஏன் குதிக்கல?"

"கதவ யாரு பாக்குறது?" என்றேன். நியாயமான பதில்தான்.

அன்றைக்கே அவள் ஃபிளோராவிடம் துண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஃபிளோரா எனக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

செய்தது நான். கதவைத் தூக்கியது நான், பிள்ளையை விழச் சொன்னது நான், இறக்காமல் நின்றதும் நான். தம்பியைக் கொல்லவேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். எதையும் மறுக்கவில்லை. எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். எனக்குக் கையெழுத்தே வரும்.

ஒன்றே ஒன்றைத்தான் மறுக்கிறேன். ஜாய்ஸ் உங்களிடம் வேறு மாதிரி சொன்னதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். "பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் நான் அப்பா என்றுதான் கூப்பிட்டேன், அவருக்கு அதுதான் நிஜமான ஆச்சரியமாக இருக்கும் என்று நானே நினைத்து வைத்திருந்தேன், அதுதான் முதல் தடவை" என்று அவள் சொன்னாளாம். சொல்லும்போது அழவே இல்லையாம். பிள்ளைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அம்மா. இதோ, உங்களை நான் அம்மா என்கிறேன். என்னைப் பெற்றவர் என்றா அர்த்தம்? ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு யாரை நினைக்கிறோம் என்பதுதானே கணக்கு. அவளை நான் வளர்த்தேன், அவள் வாய் எனக்குத் தெரியும். அந்த வாயாகவே நான் இருந்திருக்கிறேன். தண்ணீர் இரைச்சலில் முன்பாதி கேட்கவில்லை, அவ்வளவுதான். அவசரக்காரன் அவன், தன்னை என்று நினைத்துக்கொண்டு குதித்துவிட்டான்.

அவள் கூப்பிட்டது என்னைத்தான். நான் எங்கேயும் போகவில்லை, அம்மா. அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.